ஏழு குருவி யாருடையது

மார்ச் 6

வக்கீல் ஜெபராணி சொன்னதால் எழுதுகிறேன். "பேச்சிமுத்து அண்ணாச்சி, நடக்கிறதை எல்லாம் தேதி போட்டு ஒரு டைரியில எழுதி வைங்க. உங்க கோவத்தையும் அதுலயே எழுதிருங்க. கோர்ட்டுக்குள்ள கொண்டு வந்துராதீங்க" என்றார். கடைசி வரிக்காகத்தான் முன்னால் உள்ளதையெல்லாம் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா?

நான் கோவில்பட்டியில் மைக்செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் போய் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவேன். ஆனால் ஊரில் யாரும் என்னை மைக்செட்காரன் என்று சொல்வதில்லை. 'ஏழு குருவி பேச்சி' என்றுதான் சொல்வார்கள். ஏழு குருவி ஹாக்கி அணி மைதானத்தில் இறங்கும்போது மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நான். முப்பத்தைந்து வருடமாக வேறு யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட நான் விட்டதும் இல்லை.

ஏழு குருவி என்பது ஒரு தீப்பெட்டியின் பெயர். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அருணகிரி அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில் ஒட்டும் லேபிளில், ஒரு கம்பி மேல் ஏழு குருவி உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி தன் ஆபீஸ் பையன்களுக்கு மட்டையும் மஞ்சள் சட்டையும் வாங்கிக் கொடுத்து, அந்த லேபிள் பெயரையே அணிக்கும் வைத்தார். பிறகு ஆபீஸ் பையன்கள் போய் ஊர்ப் பையன்கள் வந்தார்கள். கழகம் என்று ஒன்றை நாங்கள் ஏற்படுத்தினோம். கோப்பைகள் வந்தன. வைக்க இடமில்லாமல் சில கோப்பைகள் என் வீட்டு அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

அண்ணாச்சி காலமாகி மூன்று வருடம். அவர் மகன் இப்போது அணியின் பெயரைச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிட்டான். அங்கே லீக் ஆட்டமாம். அணி கழகத்துக்குத்தான் சொந்தம் என்று நாங்கள் கேஸ் போட்டோம். லேபிள் என்னுடையது, எனவே பெயரும் என்னுடையது என்கிறான் அவன். தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று கோர்ட் தடை போட்டிருக்கிறது. மே மாதம் முழுக்கக் கோர்ட்டுக்கு விடுமுறை. நம் ஊர்ப் பெரிய போட்டியும் மே மாதம்தான். ஏப்ரல் முடிவதற்குள் தீர்ப்பு வராவிட்டால் இந்த வருடம் பெயரில்லாமல்தான் ஆட வேண்டும்.

இந்த டைரியில் அவன் பெயரை எழுத மாட்டேன். கோர்ட் எனக்கு ஒரு பெயரைத் தடை செய்தது. நான் எனக்கே ஒரு பெயரைத் தடை செய்துகொள்கிறேன்.

மார்ச் 7

ஆம்ப்ளிஃபயரில் ஒரு சேனல் போய்விட்டது. நாள் முழுக்க அதோடு போராட்டம்.

மார்ச் 10

மாவட்ட லீக் ஆட்டம். எங்கள் பையன்கள் வழக்கம்போல் மஞ்சள் சட்டையில் வந்தார்கள். நெஞ்சில் குருவிப் படம் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி தைத்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தார்கள்.

எங்கள் வழக்கத்தை எழுதி வைக்கிறேன், எதற்கும் இருக்கட்டும். அணி இறங்கும்போது நான் மூன்று தடவை கூப்பிடுவேன். "ஏழு குருவி!" என்பேன். மைதானத்தின் மேற்குப் படிக்கட்டு முழுவதும் "எங்க குருவி!" என்று பதில் சொல்லும். மூன்று கூப்பாடு, மூன்று பதில். அதற்குப் பிறகுதான் பந்து உருளும். கூப்பிடுகிறவன் பதில் சொல்லக்கூடாது. மைக் பிடித்தவனுக்குக் கட்சி கிடையாது என்பது நான் வைத்திருக்கும் சட்டம்.

இன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது? "அடுத்து மைதானத்தில் இறங்குவது... மஞ்சள் சட்டை அணி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சாவு வீட்டில் காலம் சென்றவர் பெயரை அறிவிப்பது போல் இருந்தது.

படிக்கட்டில் சத்தமே இல்லை. பிறகு ஆட்டோ இருளப்பன் எழுந்தான். எங்கள் கழகச் செயலாளர் அவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கோர்ட் அவமதிப்பு. எழுந்து நின்று பின்னால் திரும்பி எல்லோரையும் பார்த்தான், அவ்வளவுதான். உடனே கழகத்துக்கும் கேசுக்கும் சம்பந்தமே இல்லாத, கடலைமிட்டாய்க் கடை அக்காள் ஒருத்தி "ஏழு குருவி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். படிக்கட்டு இடிந்து விழுவது போல் பதில் வந்தது. மூன்று தடவை! தடை எங்களுக்கும் அவனுக்கும்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கேப்டன் கனிராஜ் அடித்த பெனால்டி கார்னர், கோல் பலகையில் பட்ட சத்தம் எனக்கு மைக் இல்லாமலே கேட்டது.

இந்த ஊரில் பிறந்ததற்குப் பெருமைப்படுகிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், ஃபார்வர்டா பேக்கா என்று கேட்கிற மாமனார் வேறு எந்த ஊரில் உண்டு? என் மாமனார் கேட்டார். நான் மைக் என்றேன். கொஞ்சம் யோசித்துத்தான் பெண் கொடுத்தார்.

மார்ச் 14

என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அதே தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை, பாக்கெட் போடும் பிரிவில். "இன்னைக்கு அரை நாள்தான் வேலை. போன வாரமும் இப்படித்தான்" என்றாள். லைட்டர் வந்ததிலிருந்து தீப்பெட்டிக்கு மவுசு குறைந்துவிட்டது என்று ஊரே பேசுகிறது. சாயங்காலம் கடையில் ஒயர் சுற்றினேன்.

டீக்கடையில் இருளப்பன் கேட்டான், "அண்ணாச்சி, இந்த 'எங்க குருவி'ங்கிற பதிலை மொதல்ல யாரு ஆரம்பிச்சது?"

யாரோ. எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19

இன்று எங்கள் மானம் போனது. எழுதும்போது சிரிப்பும் வருகிறது.

இரண்டு தரப்பு வாதமும் முடிகிற நாள். ஊரே கிளம்பி வந்துவிட்டது. மஞ்சள் சட்டை வேண்டாம் என்று ஜெபராணி நூறு தடவை சொல்லியிருந்ததால் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். கோர்ட் வராந்தாவில் கல்யாண வீட்டுக் கூட்டம் போல் நின்றோம். அவன் வராந்தாவின் அந்தக் கோடியில் தன் கணக்குப்பிள்ளையோடு நின்றான். இளைத்திருந்தான்.

எங்கள் கேஸ் வந்தது. டவாலி கதவுக்கு வெளியே வந்தார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு. என் தொழிலுக்கு வந்திருந்தால் என் பிழைப்பு போயிருக்கும். வயிற்றிலிருந்து எடுத்து, ராகம் போட்டுக் கூப்பிட்டார். "ஏழு குருவி..."

அவ்வளவுதான் கூப்பிட்டார். 'ஹாக்கிக் கழகம்' என்று முடிப்பதற்குள் வராந்தா முழுவதும் "எங்க குருவி!" என்று அதிர்ந்துவிட்டது.

வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. இரண்டு மாதமாக மைக்கில் கேட்காத பெயரை ஒரு நல்ல குரல் கூப்பிட்டால், வாய் சும்மா இருக்குமா? டவாலி அரண்டு போய் ஓரடி பின்னால் நகர்ந்தார். உள்ளே நீதிபதி எழுந்தே விட்டாராம்.

கழகத்தாரை உள்ளே கூப்பிட்டார். "இது கோர்ட்டா, கேலரியா?" என்றார்.

இருளப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, மன்னிக்கணும். வேணும்னு செய்யல. பேரைக் கூப்பிட்டாக, பதில் தானா வந்துருச்சு" என்றான்.

"யாரெல்லாம் கத்தியது?"

இருளப்பன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "யாரு கத்தலைன்னு கேட்டா சொல்லிரலாம் ஐயா. அண்ணாச்சி மட்டும் கத்தல. அவுக மைக்காரு" என்று என்னைக் காட்டினான்.

தீர்ப்பு நாளில் தரப்புக்கு இரண்டு பேருக்கு மேல் வளாகத்துக்குள் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஜெபராணி வெளியே வந்து எங்களைத் திட்டிய திட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடியதைவிடப் பெரிது. "கேஸைத் தோக்கடிக்க வேற ஆளே வேண்டாம், நீங்களே போதும்!" என்றார். தலை குனிந்து நின்றோம். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரும்போது எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தோம்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அந்தச் சத்தம் எழுந்த நேரத்தில் நான் தற்செயலாக வராந்தாவின் அந்தக் கோடியைப் பார்த்தேன். அவன் வாயும் அசைந்தது போல் இருந்தது. இருமியிருப்பான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மார்ச் 20

டவாலியைக் கோர்ட் வாசலில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "நான் கூப்பிட்டு இப்படி ஒரு பதில் என் சர்வீஸ்லயே வந்ததில்ல" என்று சிரித்தார்.

மார்ச் 30

ஏப்ரல் எட்டாம் தேதி தீர்ப்பு சொல்வார்களாம். நேற்று ராமநாதபுரத்திலிருந்து வந்த அணி ஒன்று, 'குருவி தலையில பனங்கா' என்று எங்கள் பையன்களைக் கேலி செய்தது. ஐந்து கோல் வாங்கிக்கொண்டு போனார்கள். பனங்காயைக் கையில் கொடுத்து அனுப்பாததுதான் பாக்கி.

ஏப்ரல் 5

செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டியிருக்கிறேன். ரத வீதி முழுவதும் என் ஒயர்தான்.

சாயங்காலம் கச்சேரிக்கு முன்னால் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். "ட்ரெபிள் கூடிப் போச்சுலே பேச்சி. காதைக் குத்துது."

நான் திரும்பவில்லை. யார் என்று பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றான். சட்டைப் பையில் எதையோ தேடும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் தேர்ப் பக்கமாகப் போனது.

போனபிறகு ட்ரெபிளைக் குறைத்தேன். கூடித்தான் இருந்தது.

ஏப்ரல் 8

வாய்தா. தீர்ப்பு தயாராகவில்லையாம். இருபத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாளோடு கோர்ட் மூடுகிறது.

ஏப்ரல் 12

தங்கபுஷ்பத்தோடு சண்டை. ஆரம்பித்தது குழம்பில் உப்பு இல்லை என்று. முடிந்தது எங்கேயோ.

"நீங்க பேரு பேருன்னு குதிக்கீக. அந்தப் பேரை வித்தாத்தான் ஆபீசுக்குப் புது மிஷின் வரும்னு சொல்லுதாக. இல்லேன்னா ஆடி மாசத்தோட கதவைச் சாத்துவாக. பாக்கெட் போடுற பொம்பளைக நாங்க அத்தனை பேரும் எங்க போவோம்?"

"யாரு சொன்னா? அவன் சொன்னானா? நாடகம் ஆடுதான்!"

"அவரு ஒண்ணும் சொல்லல. சொல்லுற ஆளா அவரு? உங்களுக்குத் தெரியாதாக்கும். நாப்பது வருசமா ஒரே தட்டுல தின்ன ஆளுக. சொந்த வீடு மாதிரி இந்த வீட்டுல கெடந்தவரு. இப்ப பேரைச் சொன்னாலே உங்க மூஞ்சி சுருங்குது."

"ஆபீசு அவனோடது. ஏழு குருவி ஊரோடது. அவன் வீட்டுல அடுப்பு எரியலைன்னா ஊர்க் கோயில் தேரை விறகாக்குவானா?" என்று கேட்டேன்.

"உங்க அடுப்பும் அதுலதான எரியுது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் எதையாவது சொல்வாள். ஒரே தட்டு என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. ஒன்றிரண்டு தடவை இருக்கும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கனிராஜ் பழத்தட்டோடு வந்தான். சென்னைக் கம்பெனிக்காரர்கள் பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்களாம். வேலை, சம்பளம், தங்க இடம்.

"நீ என்னப்பா சொன்ன?" என்றேன்.

"தீர்ப்பு வரட்டும்னேன் அண்ணாச்சி. நாங்க ஜெயிச்சா கேள்வியே இல்ல. தோத்தா... பேரை விலைக்கு வாங்கலாம். மேற்குப் படிக்கட்டை லாரியில ஏத்திட்டுப் போக முடியுமா?"

அவனுக்குப் பாயசம் இரண்டு தம்ளர் ஊற்றச் சொன்னேன். எனக்கு ஒரு மகன் இருந்து இப்படிப் பேசியிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 23

இன்றும் அரை நாளில் வந்துவிட்டாள். நானும் உப்பு பற்றிப் பேசவில்லை.

ஏப்ரல் 29

தீர்ப்பு வந்துவிட்டது.

எங்கள் தரப்பில் நானும் இருளப்பனும் உள்ளே போனோம். ஊர் முழுவதும் எதிர்ப்பக்க டீக்கடையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அவன் தரப்பில் அவனும் கணக்குப்பிள்ளையும். டவாலி கூப்பிடும்போது என்னைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப ஜாக்கிரதையாக, குரலை இறக்கிக் கூப்பிட்டார்.

நீதிபதி கொஞ்ச நேரம்தான் படித்தார். பெயரும் லேபிளும் தீப்பெட்டி ஆபீசுக்குச் சொந்தம். கோப்பைகள் விளையாடி வென்றவை, எனவே கழகத்துக்கு. ஆட்டக்காரர்கள் யாருக்கும் சொந்தமில்லை, விரும்பிய அணியில் ஆடலாம். தடை நீங்கியது.

இருளப்பன் என் கையைப் பிடித்தான். எதிர்த்தரப்புப் பக்கம் திரும்பினேன். நான் அவனைப் பார்த்தேன். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மருந்துக் குப்பியைச் சட்டையின் வலது பையில் தேடினான், பிறகு கால்சட்டைப் பையில் தேடினான். எப்போதும் இப்படித்தான். இடது பையில் வைத்துவிட்டு மற்ற எல்லாப் பையையும் துழாவுவான்.

"இடதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஜெபராணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மனிதனுக்கு மூச்சு முட்டினால் எதிர்த்தரப்பு என்று பார்க்க முடியுமா?

ரோட்டைக் கடந்ததும் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருடம் மைக் பிடித்த நான் ஒதுங்கி நின்றேன். இருளப்பன்தான் சொன்னான். யாரும் அழவில்லை. கடலைமிட்டாய்க் கடை அக்காள், "கோப்பை நம்மகிட்டத்தான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீக? ஆடி வாங்குனதுதான? இன்னும் ஆடுவோம்" என்றாள்.

கனிராஜ் சென்னைக்குப் போகவில்லை. இரண்டு பையன்கள் போகிறார்கள், வீட்டுக் கஷ்டம். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று கனிராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

மே 2

புதுப் பெயர் வைக்கக் கூட்டம். சிங்கம், புலி என்று ஆரம்பித்து உலகத்தில் உள்ள மிருகம் அத்தனையும் வந்துபோயின. ஒருத்தன் எட்டுக் குருவி என்றான். அவனைப் பிடித்து உட்கார வைத்தோம்.

ஜெபராணி வந்திருந்தார். "இன்னொரு கேஸ் நடத்த என்னால முடியாது. யாரும் உரிமை கொண்டாட முடியாத பேரா வைங்க" என்றார்.

"அப்ப நாம உக்காருற எடத்தையே வச்சிருவோம்" என்றான் இருளப்பன்.

மேற்குப் படிக்கட்டு அணி. எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

மே 6

போட்டி அட்டவணை வந்துவிட்டது. முதல் நாள், முதல் ஆட்டம்: ஏழு குருவிக்கும் மேற்குப் படிக்கட்டுக்கும். எந்த மகராசன் குலுக்கினானோ.

தங்கபுஷ்பம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வந்தாள். புது மிஷின் இறக்குகிறார்களாம். "இனிமே முழு நாள்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வேறொன்றும் எழுத இல்லை.

மே 9

படிக்கட்டுக்காரர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். ஏழு குருவி என்று நான் கூப்பிடும்போது ஒருத்தரும் பதில் சொல்வதில்லை. கூச்சல் போடுவதில்லை, கேலி செய்வதில்லை. பேசாமல் இருப்பது. "காசு குடுத்து பேரை வாங்கிட்டாக, பதிலை வாங்க முடியாதுன்னு அவுகளுக்குத் தெரியட்டும்" என்றான் இருளப்பன்.

எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுவும் பேரை விற்றவன் மேடையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ மைக் பிடிக்காதே என்று சிலர் சொன்னார்கள். முடியாது என்றேன். அந்தப் பெயரை வேறொருவன் அரைகுறையாகக் கூப்பிட்டு நான் கேட்பதா? முழுக் குரலில் நான்தான் கூப்பிடுவேன். பிறகு வருகிற அமைதியையும் நானே கேட்பேன்.

மே 11

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

படிக்கட்டில் ஊசி குத்த இடமில்லை. தங்கபுஷ்பமும் ஆபீஸ் பெண்களும் வேலை முடிந்து நேரே வந்து கிழக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சென்னைக் கம்பெனிக்காரர்கள் கறுப்புக் கண்ணாடியோடு. ஓரத்து நாற்காலியில் அவன்.

முதலில் எங்கள் பையன்களைக் கூப்பிட்டேன். "மேற்குப் படிக்கட்டு!" என்றேன். என்ன பதில் சொல்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒரு கணம் முழித்தார்கள். பிறகு, யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, அத்தனை பேரும் காலால் படியில் ஓங்கி மிதித்தார்கள். மூன்று கூப்பாட்டுக்கும் மூன்று மிதி. மைக் மேஜையில் இருந்த தண்ணீர் தம்ளர் ஆடியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பெயர் வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அதற்கும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. இந்த ஊர் யாரிடம் என்ன இழந்தாலும் மறுநாள் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும்!

அடுத்து அவர்கள் இறங்கினார்கள். புத்தம் புது மஞ்சள் சட்டை, நெஞ்சில் குருவிப் படம். எங்கள் இரண்டு பையன்களும் அதில் இருந்தார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மைக்கை வாயருகே கொண்டு போனேன். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்தேன்.

"ஏழு குருவி!"

பதில் இல்லை. மேற்குப் படிக்கட்டு கல்லாக உட்கார்ந்திருந்தது. குழாயிலிருந்து போன என் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நினைத்தபடி நடந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

அப்போது மேடையிலிருந்து ஒற்றைக் குரல் கேட்டது.

"எங்க குருவி!"

கீச்சென்று, உடைந்துபோய், பாதியில் இருமல் வந்து. அவன் எழுந்து நின்றிருந்தான். அவன் எழுந்தது அவனுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கம்பெனிக்காரர் ஒருவர் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. படிக்கட்டைப் பார்த்தபடி நின்றான். பேரை வாங்கியவர்கள் உட்கார்ந்திருக்க, விற்றவன் தனியாக நின்றுகொண்டிருந்தான்.

மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். இரண்டாவது தடவை கூப்பிட்டேன். இந்த முறை அவனோடு கிழக்குப் பக்கத்திலிருந்து பெண்களின் குரலும் வந்தது. தங்கபுஷ்பம் குரல் அதில் தனியாகத் தெரிந்தது. அந்த லேபிளைக் காலமெல்லாம் ஒட்டிய கைகள், அவர்களுக்கும் அது சொந்தம்தான். இருளப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். என்ன செய்யட்டும் என்று கண்ணால் கேட்டான்.

மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு, மைக் சுவிட்சை அணைத்தேன். எழுந்து நின்றேன். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, கூப்பிட்ட நானே வெறும் தொண்டையில் பதில் சொன்னேன். மேற்குப் படிக்கட்டு எழுந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். அந்தப் பதில் தங்களுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள் போல. இருக்கட்டும்.

பிறகு பந்து உருண்டது. இரண்டுக்கு ஒன்று என்று மேற்குப் படிக்கட்டு ஜெயித்தது. இரண்டும் கனிராஜ்! கடைசிக் கோலுக்குப் படியை மிதித்த மிதியில் ஒரு படி ஓரம் பெயர்ந்துவிட்டது. நகராட்சி கேட்டால் நான் பதில் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்து அவன் என் மேஜைக்கு வந்தான். ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்தான். அதில் வேறு யாரையும் நான் உட்கார விடுவதில்லை.

"ட்ரெபிள் சரியா இருந்துச்சு" என்றான்.

"இருக்கும். கோயில்ல கொறைச்சது."

"கோவமாலே?"

"ஆமா."

"சரி" என்றான்.

அடுத்த ஆட்டத்தை இரண்டு பேரும் பார்த்தோம். இருளப்பன் டீ கொண்டு வந்தான். கேட்காமலே அவனுக்கு ஒன்றைச் சர்க்கரை இல்லாமல் கொண்டு வந்திருந்தான். ஏழு குருவி நாளைக்குச் சென்னை போகிறது. என் கோபம் இங்கேயேதான் இருக்கும், அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. ஆனாலும் இன்றைக்கு இந்த ஊரை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது, அவனையும் சேர்த்துத்தான்.

இருளப்பன் மார்ச்சில் கேட்ட கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன். அருணகிரி அண்ணாச்சியின் பையன்கள் முதன்முதலாக மஞ்சள் சட்டை போட்டு இறங்கிய நாளில், நான் மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலை வாயில் வைத்து "ஏழு குருவி!" என்று விளையாட்டாகக் கூப்பிட்டேன். அண்ணாச்சியின் தோள்மேல் உட்கார்ந்து, மூச்சிரைக்க, ஒரே ஒரு பையன் "எங்க குருவி!" என்று பதில் சொன்னான். அன்றைக்கும் அவன் தனியாகத்தான் சொன்னான்.

அவன் பெயர் குணசீலன்.